ஒரு சித்திரமும் ஐந்து பறவைகளும்

சரித்திரம் என்றால் அரசர் பெயரும் போர்க்களமும் ஆண்டுக் கணக்குமே என்று எண்ணுவோர் நம்மவருள் மிகப் பலர். நாம் பள்ளிக்கூடத்திற் படித்த சரித்திரமும் பெரும்பாலும் அவ்வகையினதே. ஆயினும் கல்வெட்டும் செப்பேடும் மாத்திரம் சரித்திரச் சான்றுகள் ஆகா. ஒரு பழைய சித்திரமும் சான்று கூறும். அச்சித்திரத்தின் மூலையில் இருக்கும் ஒரு சிறு பறவையும் சான்று கூறும். அஃது இன்ன பறவை என்று இனங்காணக் கற்றுக்கொண்டால், கப்பல்கள் சென்ற வழியும், ஓர் உயிரினம் உலகை விட்டு மறைந்த செய்தியும் அதிலிருந்து வெளிப்படும். அத்தகைய சித்திரம் ஒன்றை எடுத்துக்கொண்டு, அதிலுள்ள பறவைகளை அறிஞர் எவ்வாறு இனங்கண்டனர், அதனால் நாம் பெறும் அறிவு யாது என்பதை ஈண்டு எழுதத் துணிகின்றேன்.

இவ்வாராய்ச்சியில் என்னைத் தூண்டியவர் ஒரு பேராசிரியர் அல்லர். எங்கள் தோட்டத்து மூதாட்டி ஒருவர். ஒரு நாள் மாலை, பட்டணத்து நூல்நிலையத்திலிருந்து இரவல் பெற்ற ஆங்கில நூல் ஒன்றை ஆபீசு மேசைமீது விரித்து வைத்திருந்தேன். மொகலாயர் காலத்துச் சித்திரம் ஒன்றின் வண்ணப் பிரதி அதில் அச்சாகியிருந்தது. நடுவே தடித்த அலகுடைய பெரும் பறவை ஒன்று. அதைச் சூழ நான்கு வகைப் பறவைகள். சேமநிதிப் பாரத்தைப் பூர்த்தி செய்துகொள்ள வந்திருந்த அம்மூதாட்டி, முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் வெட்டியவர், மேசையருகே நின்று படத்தை உற்று நோக்கினார்.

"கிராணியாரே, இந்தச் சின்னப் பச்சைக் கிளி நம்ம செரிண்டிட் அல்லவா?" என்றார்.

"பாட்டி, இது இந்தியாவில் ராஜா ஒருவர் அரண்மனையில் நானூறு வருஷத்துக்கு முன் எழுதிய படம்" என்றேன் நான்.

"எந்த ராஜா வீட்டில் எழுதினால் என்ன? கிளி நம்ம கிளிதான். குட்டை வால். ராத்திரியில் வௌவால் மாதிரித் தலைகீழாகத் தொங்கித் தூங்கும். உங்கள் வீட்டுக்குப் பின்னால் கொய்யா மரத்துக்கு வருகிறதே, பார்த்ததில்லையா?"

நான் பார்த்ததில்லை. படத்தின் கீழே 'லோரிகுலஸ் கல்குலஸ்' என்று அக்கிளியின் இலத்தீன் பெயர் இருந்தது. அப்பெயரை நான் பிழையின்றிப் படித்திருந்தேன். அது மலாய் நாட்டுப் பறவை என்று நூலாசிரியர் எழுதியிருந்த வரியையும் படித்திருந்தேன். ஆனால் அப்பெயருக்குரிய உயிர், பத்து ஆண்டுகளாக நான் குடியிருக்கும் வீட்டின் பின்புறத்து மரத்திலேயே உறங்குகின்றது என்பதை அறியேன். ஆங்கிலப் பள்ளியிற் படித்த எனக்குப் பெயர் தெரிந்திருந்தது. பள்ளிக்கூடத்தையே கண்டறியாத பாட்டிக்குப் பறவை தெரிந்திருந்தது. அன்று எனக்கு உண்டான நாணமே இக்கட்டுரைக்கு வித்து.

சக்கரவர்த்தியும் சித்திரக்காரரும்

மொகலாயச் சக்கரவர்த்தி ஜஹாங்கீர் 1605 முதல் 1627 வரை ஆண்டவர். மதுவிலும் வேட்டையிலும் மிகுந்த விருப்புடையவர் என்று சரித்திரக்காரர் அவரைக் குறை கூறுவர். ஆனால் அவரிடத்து அரிய குணம் ஒன்றும் இருந்தது. கண்ணால் கண்டதை அளந்தும் நிறுத்தும் எழுதிவைக்கும் பழக்கமே அது. பறவை ஒன்று தம் அரண்மனைக்கு வந்தால், அதன் நிறம், உணவு, நடத்தை முதலியவற்றைத் தம் நினைவுக் குறிப்பில் எழுதுவார். எழுத்து மட்டும் போதாதென்று சித்திரக்காரரை அழைத்து அதன் உருவத்தையும் வரையச் செய்வார். தம் முப்பாட்டனார் பாபர் பிராணிகளைப் பற்றி எழுதினாரேயன்றி அவற்றைச் சித்திரமாக எழுதுவிக்கவில்லை என்றும், தாம் இரண்டையும் செய்வதாகவும் அவரே பெருமையுடன் குறித்துள்ளார்.

1612-ம் ஆண்டில் கோவாவிலிருந்து அவருக்கு வந்த அரும்பொருள்களுள் வான்கோழி ஒன்று. அமெரிக்க நாட்டுப் பறவையாகிய அது போர்த்துக்கீசியர் வாயிலாக இந்தியா வந்தது. அதன் தலையும் கழுத்தும் நிறம் மாறுவதை ஜஹாங்கீர் வியப்புடன் எழுதியுள்ளார். அவ்வான்கோழியின் சித்திரம் இன்றும் லண்டன் மாநகரத்து விக்டோரியா ஆல்பர்ட் காட்சிசாலையில் இருக்கின்றது. 1621-ல் வரிக்குதிரை ஒன்று வந்தது. உடலெல்லாம் கருப்பும் வெண்மையுமான கோடுகளைக் கண்ட சிலர், யாரோ சாயம் பூசி ஏமாற்றுகின்றனர் என்று ஐயுற்றனர். அரசவைக்கு வந்தது என்பதற்காக ஒருவரும் அதை அப்படியே நம்பிவிடவில்லை. நுணுகிச் சோதித்த பின்னரே அஃது இயற்கை நிறம் என்று தெளிந்தனர். அதன் பின்னரே அதுவும் சித்திரமாயிற்று.

இவ்விரண்டையும் வரைந்தவர் உஸ்தாத் மன்சூர். 'நாதிருல் அசர்', அதாவது 'இக்காலத்தின் அற்புதம்', என்னும் பட்டத்தைச் சக்கரவர்த்தி அவருக்கு அளித்தார். கூலிக்கு வேலை செய்த சித்திரக்காரர் ஒருவரின் பெயர் அரசர் தம் கைப்பட எழுதிய குறிப்பிலே இடம்பெற்றது என்பதை வாசகர் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். இக்கட்டுரையில் பின்னர் வருவோர் பலருக்கு அப்பேறு வாய்க்கவில்லை.

நான்கு பறவைகள்

பாட்டி கண்ட சித்திரம் சுமார் 1625-ம் ஆண்டில் எழுதப்பட்டது. மன்சூரின் கைவண்ணம் என்று அறிஞர் கருதுவது. அது ருஷ்ய நாட்டுப் பீட்டர்ஸ்பர்க் நகரில் இருக்கின்றது. இவானோவ் என்னும் ருஷ்யர் 1958-ல் ஜெர்மானியப் பறவையியற் சஞ்சிகை ஒன்றில் அதைப் பற்றி எழுதியபோதுதான் அறிவுலகம் அதை நன்கு அறிந்தது. நடுவிலே நிற்கும் பெரிய பறவையைச் சற்றே ஒதுக்கிவைத்து, முதலிலே மூலைகளிலுள்ள நான்கையும் நோக்குவோம்.

கீழே வலப்புறத்தில் இருப்பது வண்ணக் கல்கௌதாரி. புல்லும் முள்ளும் கல்லும் நிறைந்த இந்தியாவின் வறண்ட நிலத்துப் பறவை அது. ஆணின் நெற்றியில் கருப்பும் வெண்மையுமான கோடுகளும் மார்பிலே பட்டைகளும் உண்டு. இவையே அதை மற்றக் கல்கௌதாரிகளினின்று பிரித்துக் காட்டும்.

கீழே இடப்புறத்தில் இருப்பது வரித்தலை வாத்து. வெண்மையான தலையின் பின்புறத்தில் குறுக்கே ஓடும் இரண்டு கரிய கோடுகள் இதற்கு அடையாளம். திபெத்து முதலிய உயர்ந்த பீடபூமிகளின் ஏரிக்கரைகளில் குஞ்சு பொரித்து, குளிர்காலத்தில் இமயமலையைக் கடந்து இந்தியச் சமவெளிக்கு வருவது. திருநெல்வேலிச் சீமையிலுள்ள கூந்தன்குளம் வரையிலும் வந்து தங்கும். நம் முன்னோருள் அவ்வூர்ப்பக்கத்தார் இதனை அறிந்தேயிருப்பர்.

மேலே வலப்புறத்தில் இருப்பது மேற்கு இமயத்து டிராகோபன் என்னும் மலைக்கோழி. காசுமீரத்தை அடுத்த உயர்ந்த மலைக்காடுகளிலன்றி வேறெங்கும் இது வாழ்வதில்லை. கரிய உடலிலே வெண்புள்ளிகள் இறைந்து கிடப்பது ஆண் பறவையின் அடையாளம்.

மேலே இடப்புறத்தில் இருப்பதுதான் நம் செரிண்டிட். இங்கே இனங்காண்பவர் சற்று நிதானிக்க வேண்டும். என்னையெனின், இதை ஒத்த தொங்குகிளி ஒன்று இந்தியாவிலும் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் வாழ்வது. இந்தியச் சித்திரத்தில் இருப்பது இந்தியக் கிளியாகத்தானே இருக்க வேண்டும் என்று அவசரக்காரர் முடிவு கட்டிவிடக்கூடும். ஆனால் இந்தியத் தொங்குகிளியின் அலகு சிவப்பு. நம் நாட்டு ஆண் கிளியின் அலகு கருப்பு. இந்தியக் கிளிக்கு உச்சந்தலையில் நீலப் பொட்டு இல்லை. நம் கிளிக்கு உண்டு. இந்திய ஆண் கிளியின் தொண்டையில் நீலச் சாயல். நம் கிளியின் தொண்டையில் சிவப்புத் திட்டு. இத்தகைய சிறு வேறுபாடுகளை நோக்கியே அறிஞர் இதனை மலாய்த் தீபகற்பத்திலும் சுமத்திராவிலும் போர்னியோவிலும் வாழும் கிளி என்று கூறினர்.

மலாய் நாட்டுக் கிளி ஆக்ராவுக்கும் லாகூருக்கும் எப்படிச் சென்றது? குசராத்து வணிகரின் கப்பல்கள் பல நூற்றாண்டுகளாக மலாக்காவுக்கும் அச்சேவுக்கும் துணிமூட்டை ஏற்றி வந்து மிளகும் வாசனைப் பொருளும் கொண்டு சென்றன. அவ்வழியே சென்ற கூண்டுப் பறவைகளுள் இதுவும் ஒன்றாதல் கூடும். ஆகவே இந்த ஒரு தாள், வறண்ட சமவெளியையும் திபெத்து ஏரியையும் இமயக்காட்டையும் நம் மலாய் நாட்டையும் ஒருங்கே காட்டும் தேசப்படமாக விளங்குகின்றது. அரசர் பெயரும் போரின் பெயரும் இல்லாத தேசப்படம் இது.

ஐந்தாம் பறவை

இனி நடுவிலே நிற்கும் பறவைக்கு வருவோம். அதுவே டோடோ. இந்து மகாசமுத்திரத்திலுள்ள மொரீசுத் தீவிலன்றி உலகில் வேறெங்கும் இராதது, பறக்க இயலாதது. ஒல்லாந்தர் 1598-ம் ஆண்டு அத்தீவில் இறங்கினர். கப்பலில் வந்த பன்றியும் எலியும் குரங்கும் தரையில் இட்ட முட்டையைத் தின்றன; காடும் வெட்டப்பட்டது. நம்பத்தகுந்த கடைசிச் சான்று 1662-ம் ஆண்டினது. அறுபத்து நான்கே ஆண்டுகளில், மனிதன் ஓர் இனத்தைக் கண்டறிந்து, இல்லாமலும் ஆக்கிவிட்டான்.

டோடோ இந்தியாவுக்கு வந்ததா என்று கேட்போருக்கு எழுத்துச் சான்றும் உண்டு. 1628 முதல் 1634 வரை இந்தியாவில் இருந்த பீட்டர் மண்டி என்னும் ஆங்கிலேயர், மொரீசிலிருந்து கொணரப்பட்ட இரண்டு டோடோக்களைச் சூரத்து நகரில் கண்டதாக எழுதியுள்ளார். எனவே மன்சூர் உயிருள்ள டோடோவைக் கண்டு வரைந்தார் என்பது நம்பக்கூடாத செய்தியன்று.

ஆனால் அவர் வரைந்தது சரியான உருவமா? இன்று ஒப்பிட்டுப் பார்க்க உயிருள்ள டோடோ ஒன்றேனும் இல்லையே! இங்கேதான் மூலையிலிருக்கும் நான்கு பறவைகளும் நமக்கு உதவிக்கு வருகின்றன. தோட்டக் கணக்கை உதாரணமாகக் கொள்வோம். செக்ரோலில் ஐந்து பேரின் நாட்கணக்கு எழுதியிருக்கின்றது. அவர்களுள் ஒருவர் ஊரைவிட்டே போய்விட்டார். அவர் கணக்குச் சரியா என்று எப்படி அறிவது? இருக்கும் நால்வரையும் அழைத்து விசாரிப்போம். நால்வர் கணக்கும் ஒரு நாளும் பிசகாமல் இருந்தால், ஐந்தாமவர் கணக்கையும் அதே கை எழுதியது என்ற காரணத்தால், அதன்மேல் நம்பிக்கை வைப்போம். முழுமையான நிரூபணம் அன்று. ஆயினும் நியாயமான நம்பிக்கை. அதே முறையிலேதான் இங்கும் முடிவு காண்கின்றனர். நீலப் பொட்டையும் தலைக்கோட்டையும் வெண்புள்ளியையும் பிசகாமல் எழுதிய கை, டோடோவையும் பிசகாமல் எழுதியிருக்கும். ஆதலின், உயிருள்ள டோடோவைக் காட்டும் சித்திரங்களுள் இது மிகவும் நம்பத்தக்கவற்றுள் ஒன்று என்று அறிஞர் மதிக்கின்றனர்.

நகலெடுத்த பிழை

இதற்கு மாறான கதை ஐரோப்பாவில் நடந்தது. அதே காலத்தில் வாழ்ந்த ரோலண்ட் சாவெரி என்னும் சித்திரக்காரர் டோடோவைப் பன்முறை வரைந்தார். சுமார் 1626-ல் அவர் எழுதிய டோடோ மிகப் பெரும் புகழ் பெற்றது. பருத்த வயிறு, தொங்கும் சதை, குள்ளக் கால், அசமந்தமான நோக்கு. 1759-ல் அது பிரிட்டிஷ் காட்சிசாலைக்குச் சென்றது. அதைப் பார்த்துப் பிறர் வரைந்தனர். அவர் வரைந்ததைப் பார்த்து வேறு பலர் வரைந்தனர். இங்ஙனம் நகலுக்கு நகலாகப் பெருகி, டோடோ என்றால் கொழுத்த மந்தப் பறவை என்னும் எண்ணம் உலகெங்கும் நிலைபெற்றது. பார்த்தவர் ஒருவர், பாராமல் எழுதியவர் நூற்றுவர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பியக் காட்சிசாலைகளில் டோடோவின் சில துண்டுகளே எஞ்சியிருந்தன. ஆக்ஸ்போர்டில் ஒரு தலையும் ஒரு காலும். அப்படி ஒரு பறவை இருந்ததே இல்லை என்று எண்ணியவர்களும் உண்டு. 1865-ம் ஆண்டில் அந்த ஐயம் தீர்ந்தது. தீர்த்த விதம் நம்மவர் அறிய வேண்டுவது.

மொரீசுத் தீவில் மாயெபூர் என்னும் ஊரில் ஜார்ஜ் கிளார்க் என்ற பள்ளி ஆசிரியர் இருந்தார். ஒரு கரும்புத் தோட்டத்தைச் சேர்ந்த 'மார் ஓ சோஞ்சு' என்னும் சதுப்பிலே எலும்புகள் அகப்படுவதைக் கேள்வியுற்றார். சேம்புக் குட்டை என்று அப்பெயரைத் தமிழிற் சொல்லலாம். இருப்புப்பாதை வேலை நடந்த காலம் அது; சதுப்பில் மட்கிய மண்ணை வெட்டிய கூலியாட்கள் எலும்புகளைப் பிரித்துக் குவியல் குவியலாக வைத்ததை அங்கிருந்த பொறியியலாளர் ஒருவர் கண்டதாகக் குறிப்பு உண்டு. கிளார்க் ஆட்களைச் சதுப்பின் நடுவில் இறக்கினார். மூன்றடித் தண்ணீரில் அவர்கள் நின்று, சேற்றிலே வெறுங்காலால் துழாவித் துழாவி, காலுக்குத் தட்டுப்பட்டதை எடுத்துக் கொடுத்தனர். அவ்வாறு கிடைத்தவையே டோடோவின் எலும்புகள்.

1834 முதலே ஒப்பந்தக் கூலிகளாக இந்தியர் அத்தீவுக்குக் கப்பலேறிச் சென்றனர். அவர்களுள் தமிழரும் இருந்தனர். அக்காலத்தில் கரும்புத் தோட்டக் கூலி என்றால் பெரும்பாலும் அவர்களே. சேற்றில் நின்றவர் எவ்வூரார், எம்மொழியார் என்று நான் துணிந்து கூறேன். கிளார்க் எழுதிய குறிப்பில் அவர்கள் 'ஆட்கள்' என்று மாத்திரமே வருகின்றனர். பள்ளி ஆசிரியரின் பெயர் நூல்களில் நிற்கின்றது. தோட்ட முதலாளியின் பெயரும் நிற்கின்றது. உலகமே தேடிய பறவையை முதலில் தொட்டறிந்த பாதங்களுக்கு மட்டும் பெயரில்லை!

அவ்வெலும்புகள் லண்டனிலிருந்த ரிச்சர்டு ஓவன் என்னும் மாபெரும் அறிஞர் கைக்குச் சென்றன. அவர் என் செய்தார்? சாவெரியின் சித்திரத்திலுள்ள உருவத்தின் கோட்டுக்குள் எலும்புகளைப் பொருத்தி, 1866-ல் எலும்புக்கூட்டின் படத்தை வெளியிட்டார். விளைவு, குந்தியிருப்பது போன்ற குட்டையான பறவை. எலும்பைக்கொண்டு சித்திரத்தைத் திருத்துவதற்குப் பதிலாக, சித்திரத்தைக்கொண்டு எலும்பை வளைத்துவிட்டார். பின்னர் அவரே தம் பிழையை உணர்ந்து நிமிர்ந்து நிற்கும் உருவமாகத் திருத்தினார் என்பது அவர்தம் பெருமை. இன்றைய ஆராய்ச்சியாளர் எலும்பின் கனத்தை அளந்து, காட்டில் வாழ்ந்த டோடோ சுமார் 10 முதல் 18 கிலோ எடையே இருந்திருக்கும் என்கின்றனர். மன்சூரின் டோடோவும் சாவெரியின் டோடோவைப் போலப் பருத்ததன்று. டோடோ புறாவினத்தைச் சேர்ந்தது என்பதை அறிஞர் 1848-லேயே விளக்கினர். நம் மலாய்த் தீவுகளிலும் காணப்படும் நிக்கோபார்ப் புறாவே உயிரோடிருப்பவற்றுள் அதன் மிக நெருங்கிய உறவு என்பதை 2002-ல் வெளிவந்த மரபணு ஆராய்ச்சி காட்டிற்று.

எச்சரிக்கைகள்

மன்சூரைப் புகழ்ந்ததனால் பழைய சித்திரமெல்லாம் மெய் என்று யாரும் கொள்ளற்க. மன்சூரின் பெயர் பொறித்த சித்திரங்கள் எல்லாமும் அவர் வரைந்தவை அல்ல. பிற்காலத்தார் நகலெடுத்து அவர் பெயரைச் சேர்த்தவையும் பல. பெயரைக் கண்டு நம்புவோர் ஏமாறுவர். வண்ணமும் காலத்தால் மாறும். ஈயத்தாற் செய்த வெள்ளை கருத்துப்போவதுண்டு. மஞ்சளும் நீலமும் கலந்த பச்சையில் மஞ்சள் வெளிறிப்போய், பச்சைப் பறவை நீலப் பறவையாக நிற்பதும் உண்டு. ஆதலால் இனங்காண்பவர் நிறத்தை மட்டும் நம்பாமல், அலகின் வடிவு, கால்விரல், வாலின் நீளம், இறகின் வரிசை ஆகியவற்றையும் சேர்த்தே நோக்குவர். ஆணும் பெண்ணும் வேறு நிறம். குஞ்சும் முதிர்ந்ததும் வேறு நிறம் என்பதையும் மறவார்.

சில வேளைகளில் சித்திரம் எந்தப் பறவையோடும் பொருந்தாது நிற்கும். எகிப்து தேசத்து மெய்தூம் என்னும் இடத்தில், சுமார் கி.மு. 2600-ல் எழுதப்பட்ட வாத்துகளின் சித்திரம் கல்லறை ஒன்றில் கண்டெடுக்கப்பட்டது. அதிலுள்ள இரண்டு வாத்துகளைச் சைபீரியாவில் குஞ்சு பொரிக்கும் செம்மார்பு வாத்து என்றே நெடுங்காலம் கூறிவந்தனர். 2021-ல் ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர் ஒருவர் அதன் உடற்குறிகளை ஒவ்வொன்றாக ஒப்பிட்டு, அவை பொருந்தவில்லை. மறைந்துபோன வேறோர் இனமாக இருக்கலாம் என்றார். சித்திரக்காரர் தவறினாரா, அல்லது பறவை மறைந்ததா? இரண்டும் கூடும். எலும்பு ஒன்று கிடைக்கும் வரையில் அது கருத்தேயன்றி முடிபாகாது. இந்த அடக்கமே ஆராய்ச்சிக்கு அணி.

வாராத விருந்து

மன்சூரின் இன்னொரு சித்திரம் கல்கத்தா இந்தியக் காட்சிசாலையில் இருக்கின்றது. அது சைபீரிய வெண்கொக்கு. ஐரோப்பிய விஞ்ஞானத்தில் அப்பறவைக்கு முதன்முதலாகப் பெயரிட்டவர் பல்லாஸ் என்பவர், ஆண்டு 1773. மன்சூர் அதற்கு ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டுகள் முந்தியே அதனை இனங்காணத்தக்க வகையில் எழுதிவைத்துவிட்டார். வெள்ளுடலும், இறகற்ற சிவந்த முகமும் அதன் அடையாளங்கள்.

அக்கொக்குகள் ஆண்டுதோறும் குளிர்காலத்தில் ராஜபுதனத்துப் பரத்பூர் ஏரிக்கு வந்துகொண்டிருந்தன. ஆண்டுக்கு ஆண்டு தொகை குறைந்தது. வரும் வழியில் வேட்டையாடினர், ஏரிகளும் வற்றின. கடைசியாக ஓர் இணை 2002-ன் தொடக்கத்தில் அங்கே காணப்பட்டது. அதன் பின் வரவில்லை. இந்தியாவிலே இனிப் பிறக்கும் குழந்தை அப்பறவையைக் காண விரும்பினால் ஏரிக்கரைக்குச் சென்று பயனில்லை. காட்சிசாலைக்குச் சென்று மன்சூரின் தாளைத்தான் காண வேண்டும். டோடோவைக் கொன்றவர் ஒல்லாந்தர் என்று நாம் எளிதிற் பழி சொல்லிவிடலாம். இதற்குப் பழி யார்மேல் சொல்வது? இது நம் வாழ்நாளிலேயே நடந்தது.

நம் நாட்டுச் சித்திரங்கள்

தூர தேசத்துக் கதையாகவே இதை முடித்தல் தகாது. மலாய் நாட்டிலும் இத்தகைய செல்வம் உண்டு. வில்லியம் பார்க்குவார் என்பவர் 1803 முதல் 1818 வரை மலாக்காவில் அதிகாரியாயிருந்து, பின் 1819 முதல் 1823 வரை சிங்கப்பூரின் முதல் ரெசிடெண்டாக இருந்தவர். மலாக்காவில் வாழ்ந்த சீன ஓவியரைக்கொண்டு அவர் இந்நாட்டுப் பறவை, விலங்கு, மீன், செடி, கொடி ஆகியவற்றை வரையச் செய்தார். அவற்றுள் 477 சித்திரங்கள் இன்றும் உள. 1827-ம் ஆண்டளவில் அவர் அவற்றை லண்டன் ராயல் ஆசியக் கழகத்துக்குக் கொடுத்தார். 1993-ல் அவை ஏலத்துக்கு வந்தபோது சிங்கப்பூர்க் கொடையாளர் ஒருவர் வாங்கி அந்நகரத்துக்கே அளித்தார். இப்போது அவை சிங்கப்பூர்த் தேசியக் காட்சிசாலையில் இருக்கின்றன. இந்நாட்டு மக்கள் போய்க் காணத்தக்கவை.

அச்சித்திரங்களில் பாறையும் மரமும் சீன முறையிலேயே இருக்கும். பறவை மரத்தைவிடப் பெரிதாகத் தோன்றுவதும் உண்டு. அளவிலே அவற்றை நம்பலாகாது. ஆனால் இறகின் நுட்பத்தை நம்பலாம். அதைக்கொண்டே இன்றைய அறிஞர் பெரும்பாலானவற்றுக்கு இலத்தீன் பெயர் கூறியுள்ளனர். இனங்காண்பதற்கு இன்னுமோர் உதவியும் உண்டு. பல சித்திரங்களில் அப்பறவைக்குரிய மலாய்ப் பெயரும் எழுதப்பட்டிருக்கின்றது. அப்பெயரைச் சொன்னவர் யார்? பறவையைப் பிடித்தவரோ, காட்டிலே வாழ்ந்தவரோ, சந்தையிலே விற்றவரோ ஆகிய இந்நாட்டு எளிய மக்களே. தொகுப்போ பார்க்குவாரின் பெயரால் விளங்குகின்றது. தூரிகை பிடித்த சீனர் பெயரும் அதில் இல்லை. பெயர் சொல்லிக் கொடுத்த மலாய்க்காரர் பெயரும் அதில் இல்லை. மொரீசுத் தீவின் சேற்றில் நின்றவர்க்கு நேர்ந்ததே இவர்களுக்கும் நேர்ந்தது.

மன்சூருக்கு அரசர் பெயர் கொடுத்தார். அதனால் நானூறு ஆண்டுகளுக்குப் பின்னும் நாம் அவருக்கு நன்றி கூற இயலுகின்றது. மற்றையோர்க்கு நன்றி கூற விரும்பினாலும் யாரை அழைத்துக் கூறுவது? அறிவு என்பது படித்தவர் வீட்டில் மாத்திரம் விளைவதன்று. கண்திறந்து பார்த்தவர் எவரோ அவரிடத்தில் அது விளைகின்றது. படித்தவர் அதை எழுதிவைக்கின்றார். எழுதுகின்றவர் பார்த்தவரின் பெயரையும் சேர்த்து எழுதினால் அவர்க்கு யாதொரு நட்டமும் இல்லை.

அன்பர்களே! நம் தோட்டங்கள் மாறிக்கொண்டே வருகின்றன. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனை போய் வீடுகள் வரும் இடங்களும் உண்டு. பால்மரக் காட்டிலே விடியற்காலையில் வேலைக்குச் சென்ற தலைமுறையினர் பறவைகளின் குரலையும் கூட்டையும் வருகையையும் அறிந்தவர்கள். அவ்வறிவு ஏட்டில் இல்லை. முதியோர் நினைவிலே இருக்கின்றது. அவர்கள் போனால் அதுவும் போகும். பள்ளியிற் படிக்கும் நம் பிள்ளைகள் ஒரு நோட்டுப் புத்தகமும் பென்சிலும் எடுத்துக்கொண்டு தாத்தா பாட்டியிடம் சென்று கேட்கட்டும். கேட்டதை மரத்தடியில் போய்ச் சரிபார்க்கட்டும். கண்டதைக் கண்டவாறே வரையட்டும். பிறர் படத்தைப் பார்த்து வரைய வேண்டாம்.

அன்று மாலை பாட்டி போன பின், நான் வீட்டின் பின்புறம் சென்று கொய்யா மரத்தடியில் நின்றேன். இருட்டும் வேளையில் இலைகளின் நடுவே காய் போலத் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது ஒரு சிறு பச்சை உருவம். உச்சந்தலையின் நீலப் பொட்டைக் காண்பதற்கு மறுநாள் விடியும் வரை காத்திருந்தேன், கண்டேன். அன்றே ஒரு நோட்டுப் புத்தகம் தொடங்கினேன். ஒரு பத்தியில் பறவையின் பெயர். எதிர்ப் பத்தியில் அதை எனக்குச் சொன்னவரின் பெயர். முதல் வரியில் செரிண்டிட். எதிரே பாட்டியின் பெயர். முப்பது ஆண்டுகளுக்கு மேல் செக்ரோலில் ஓர் இலக்கத்தின் பக்கத்தில் இருந்து வந்த அப்பெயர், இப்போது ஒரு பறவையின் பக்கத்தில் இருக்கின்றது.